கண்மாயில் மெட்டி தேடியது

கண்மாய் ஒரேயடியாக வற்றிவிடாது. வாரத்துக்குப் பத்துப் பதினைந்து அடி தண்ணீர் உள்ளே போகும். புதிதாக வெளியே வந்த இடத்தில் கால் வைத்தால் முழங்கால்வரை புதையும். போன மாதம் வெளியே வந்த இடத்தில் மண் வெடித்து இறுகிப்போயிருக்கும், கடப்பாரை இல்லாமல் ஒன்றும் நடக்காது. இரண்டுக்கும் நடுவே நாலைந்து அடி அகலத்தில் ஒரு பட்டை உண்டு. அதில்தான் பொருள் கிடைக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீணானது.

எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருஷம். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து ஓடையில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டைம்கீப்பர் வேலை, வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வாரத்தில் ஆறு நாள் பஸ், ஏழாம் நாள் கண்மாய். ஒரு மண்வெட்டி, ஒரு சல்லடை. கேட்டவர்களிடம் பழைய காசு சேர்க்கிறேன் என்றேன். அதுவும் முழுப் பொய்யில்லை. ராணித் தலை போட்ட செப்புக்காசு நாலு கிடைத்தது. பாசிமணி, மூக்கு உடைந்த கெண்டி, அடி நசுங்கிய ஓர் உழக்கு எல்லாம் கிடைத்தன. பஜாரில் பழைய பித்தளைக் கடை வைத்திருந்த பாய்க்கு என் வயதுதான். அவர் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, "காசு தேடுற ஆளு இம்புட்டுச் சள்ளுனு எரிஞ்சு விழ மாட்டானே அண்ணே" என்றார். நான் காசுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நான் தேடியது அம்மாவின் மெட்டியை.

அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வகையறாவில் பதினாறாம் நாள் விடியற்காலையில் புருஷனை இழந்த பெண்ணைக் கண்மாய்ப் படித்துறைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே வைத்து வளையலை உடைத்து, மெட்டியைக் கழற்றித் தண்ணீரில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். கழற்றுவதற்குத் தாலி அறுத்த பெண்கள்தான் வேண்டும். எங்களுக்கு அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. வளையல்வரை அம்மா பேசாமல்தான் இருந்தாள். மெட்டிக்குக் கை போனதும் இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்து, விரல்களை மடக்கிக்கொண்டாள். சோப்புப் போட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் தள்ளி நின்றிருந்த என்னை அத்தை கூப்பிட்டாள்.

"ஏலே, நீ வந்து காலப் புடி. ஒனக்குன்னா விடுவா."

போய்ப் பிடித்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். விரல்கள் தளர்ந்தன. ஒரு காலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அத்தை அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், புள்ள தொட்டதும் விட்டுட்டா என்று என்னைப் பாராட்டினாள். அந்தப் பாராட்டுக்காகவே அத்தை வீட்டு வாசலை நான் மிதிக்காமல் இருந்தேன். அம்மா வழக்கம்போலச் சோறு போட்டாள். மெட்டியைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டால் அந்தக் காலையில் நடந்தது நேராகிவிடும் என்று நான் நம்பினேன். இருபத்தெட்டு வயதில் அவ்வளவுதான் அறிவு.

வேறு யாராவது எடுத்திருப்பார்களோ என்ற பயம் எனக்கு இருக்கவில்லை. வண்டல் அள்ள வருகிறவர்கள்கூட மெட்டி கண்ணில் பட்டால் மண்வெட்டியால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாதாம்.

ஏழாவதோ எட்டாவதோ வாரத்தில் படித்துறையின் கடைசிப் படி வெளியே வந்தது. அதற்குக் கீழே சலித்தபோது மெட்டி அகப்பட்டது. ஒன்று அல்ல, பதினொன்று. எல்லாம் கறுத்து, சேறு அப்பிக் கிடந்தன. படியில் வரிசையாக வைத்துக் கழுவினேன். ஒன்றில் நெளி, ஒன்றில் பூ, ஒன்று வெறும் கம்பி. எது அம்மாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டவன் நான். அந்தப் படியில் உட்கார்ந்திருந்த எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

துண்டில் முடிந்து பாயிடம் கொண்டுபோனேன், வெளுத்தால் அடையாளம் தெரியுமோ என்று. அவர் துண்டைப் பிரித்ததுமே மூடிவிட்டார். "இத நான் தேய்க்க மாட்டேன்ணே. வீட்டுல அம்மாகிட்டயே கேட்டுருங்க."

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் துண்டை விரித்தேன். எங்கே எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு விரலால் ஒன்றைத் தனியே ஒதுக்கினாள்.

"இது என்னோடது. சோடியக் காணும்."

அதை எடுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் விரல் அடுத்ததற்குப் போயிற்று. "இந்தப் பூப்போட்டது பள்ளிக்கூடத்து டீச்சரோடது. நாந்தான் கழத்துனேன். இந்த நெளியும் நான் கழத்துனதுதான், வளையக்கடைக்கார அம்மாவோடது."

அப்பாவுக்குப் பிறகு அவளையும் அந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். விடியுமுன் போய்விட்டு வந்து குளிப்பாள். நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்டேன்.

"எல்லாரும் காலை மடக்குவாகளா?"

"அம்புட்டுப் பேரும் மடக்கத்தான் செய்வாக. பெத்த புள்ளைய விட்டுப் புடிக்கச் சொன்னா விட்டுருவாக." முறத்தைக் கையில் எடுத்தாள். "மேலத்தெருவுல ஒருத்தி இருக்கா. அவளோடது மட்டும் இதுல கெடக்காது."

"ஏன்?"

"அவ மகனக் கூப்புட்டோம். மாட்டேன், எங்கம்மாவ விடுங்கன்னுட்டான். சத்தங்கூடப் போடல. பொறவு நாங்க என்ன செய்ய? வந்துட்டோம். கடைக்குப் போறப்பல்லாம் பாக்கேன், இப்பவும் போட்டுருக்கா."

குத்திக்காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னாள், அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்பது, அத்தை கூப்பிட்ட அந்த நிமிஷம் தொட்டு அதுவரை எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.