தளும்ப ஊற்றிக்கொண்டு மலையேறிய கார்

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு பத்துக்கு மேட்டுப்பாளையத்தில் என் சம்பந்தி வீட்டு வாசலிலிருந்து கார் கிளம்பியது. போக வேண்டியது என் ஊரான ஜெகதளா. குன்னூர் வரைக்கும் முப்பத்துநாலு கிலோமீட்டர், அதற்கு மேல் இன்னும் ஏழெட்டு. வழியில் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. எழுத்து என்றால் நான் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். எண் என்றால் ஓடுகிற காரிலிருந்தே சொல்லிவிடுவேன்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சைத் தேயிலை விற்ற காசில் நான் வாங்கிய வெள்ளைக் கார், பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதை விற்க வேண்டும் என்று என் மகன் செல்வராசு ஒற்றைக்காலில் நிற்கிறான்.

"மலையேறயில ஒருக்கா கொதிச்சாலும் வித்துப்போடுவேன்" என்று நான் ஊரிலிருந்து புறப்படும்போதே சொன்னான்.

"கொதிக்கலீன்னா?"

"அப்பறம் நா வாயே தொறக்கல. ஆனா உன்ற பேச்ச நம்ப மாட்டேன். என்ற மாமியாரு சாட்சி சொல்லோணும்."

மறுநாள் எங்கள் வீட்டில் காதுகுத்து. அந்த மாமியாரை, அதாவது என் சம்பந்தியம்மாளை, அழைத்துவரத்தான் இந்தப் பயணமே.

ஆகவே கிளம்புமுன் எல்லாவற்றையும் நானே பார்த்தேன். டிரைவர் ரங்கன் நாற்பது தாண்டிய ஆள், அதிகம் பேசமாட்டான். பானெட்டைத் தூக்கினான். ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினான். சரியாக இருந்தது. பிரேக் ஆயில் சரி. கண்ணாடி கழுவும் தண்ணீர் சரி. இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் டப்பாவில்தான் பச்சைத் தண்ணீர் பாதிக்கு நின்றது. டப்பாவின் மேல் இரண்டு கோடு, பக்கத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. கம்பெனிக்காரன் பேராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தி ஏறும் வண்டியில் பாதி டப்பாவா? எங்கள் வீட்டில் வந்தவர்களுக்கு டம்ளர் விளிம்பு வரைக்கும் ஊற்றித்தான் பழக்கம். முந்தின நாள் முந்நூற்று இருபது ரூபாய் கொடுத்து வாங்கிய கேனை எடுத்து, கழுத்து வரைக்கும் நானே ஊற்றினேன்.

"பெரீம்மா, அந்தக் கோட்டோட..." என்றான் ரங்கன்.

"உன்ற ஊட்டுக் காசா போவுது? வாய மூடு" என்றேன். மூடிக்கொண்டான்.

எட்டரைக்குக் கல்லாறு. இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, அதைத் தாண்டியதும் முதல் வளைவு. சம்பந்தியம்மாள் கோர்ட்டுக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ஏசி போடலீங்களா?"

"மலைக்காத்து இருக்கையில ஏசி எதுக்குங்க?" என்றேன். இன்ஜினுக்குப் பாரம் குறையட்டும் என்பதுதான் நிஜம்.

"எங்க பெரியவன் கார்ல ஏறுனா மார்கழி மாசமாட்டம் இருக்குமுங்க."

"அந்தக் காரு மலைக்கு வந்திருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அதானுங்க."

ஆறாவது வளைவும் தாண்டியது. ஒன்பதே காலுக்கு, பர்லியாறு கடைகள் கண்ணில் படும்போது, பாகு காய்ச்சுவது போல ஒரு வாசனை வந்தது. பானெட் இடுக்கில் வெள்ளையாக ஆவி. பின்னால் திரும்பிப் பார்த்தால் ரோட்டில் பச்சைப் பச்சையாகச் சொட்டு.

"கொதிச்சுப்போச்சு!" என்றார் சம்பந்தியம்மாள். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

ரங்கன் ஓரம் கட்டினான். கீழே வழிந்ததை நக்கிப் பார்க்க நாலைந்து குரங்குகள் வந்தன. "வெசம்!" என்று அவற்றை விரட்டிவிட்டு அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டான். நான் நேராகப் போய் டப்பா மூடியில் கை வைத்தேன்.

"தொறக்காதீங்கம்மா! மூஞ்சில அடிக்கும்" என்று ஒரு குரல். பிரேக் ஆறட்டும் என்று கேரட் லாரியை நிறுத்தியிருந்த டிரைவர். காருக்குள் எட்டிப் பார்த்தார். "சூட்டு முள்ளு பாதியிலதான் நிக்குது. கொதிச்சிருந்தா செவப்புக்குப் போயிருக்கும். சூடானா கூலண்ட்டு பொங்குமுங்க, பொங்கறதுக்கு எடம் உடோணும். மேக்கோட்டுக்கு மேல ஊத்தப்படாது. எந்தப் புண்ணியவான் ஊத்துனது?"

ரங்கன் ரோட்டைப் பார்த்தான். நான் பழக்கடையைப் பார்த்தேன்.

"டிரைவருதான் ஊத்தியிருப்பாருங்க" என்றார் சம்பந்தியம்மாள்.

நான் போய் மங்குஸ்தான் ஒரு கிலோ வாங்கினேன். முந்நூறு ரூபாய் என்றார்கள், கொடுத்தேன். பேரம் பேசாமல் நான் பழம் வாங்கியது அன்று ஒருநாள்தான்.

அரை மணி நேரம் ஆறவிட்டு ஏறினோம். காட்டேரிப் பூங்கா தாண்டித் தேயிலைத் தோட்டங்கள் வந்தன, மேலே பனிமூட்டம். விருந்தாளிக்கு எல்லாம் காட்டிக்கொண்டு வருவது என் வழக்கம்.

"இது யாரு எஸ்டேட்டுங்க?" என்று அவரே கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். தெரியும்.

பதினொன்றே காலுக்கு ஜெகதளா. செல்வராசு கேட்டிலேயே நின்றான்.

"கொதிச்சுதுங்களா அத்தை?"

"இல்லீங்க மாப்பிள்ளை. டிரைவரு கூலண்ட்ட வாரி ஊத்தீட்டாரு, வழிஞ்சுபோச்சு. வண்டி மேல குத்தமில்லீங்க."

கார் தப்பித்தது. அத்தோடு நான் உள்ளே போயிருக்கலாம். ஆனால் செல்வராசு ரங்கன் பக்கம் திரும்பினான்.

"பதினஞ்சு வருசமா ஓட்டற, கோடு எதுக்குன்னு தெரியாதா? கண்ணு சரியில்லீன்னா சொல்லிப்போடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

ரங்கன் செருப்பைப் பார்த்தபடி நின்றான். பதினைந்து வருஷத்தில் இவன் ஒரு தடவைகூட வண்டியை உரசியது கிடையாது.

"நாந்தான்டா ஊத்துனேன். அவன் சொல்ல வந்தான், நாந்தான் வாய மூடச் சொன்னேன்" என்றேன்.

"நீங்களா?" என்றார் சம்பந்தியம்மாள். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்திருந்தால்கூட அந்த முகம் அவ்வளவு மலர்ந்திருக்காது.

எனக்குக் கோபம் ரங்கன் மேல் போனது. "பர்லியாறுலயே சொல்லித் தொலச்சிருக்கலாமில்லடா?"

"மூடச் சொன்னீங்க. இன்னும் தொறக்கச் சொல்லலீங்களே, பெரீம்மா."

இப்போது அந்த மேல்கோட்டில் ரங்கன் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறான். மலைக்கு வருகிறவர்கள் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் போதும்.

அன்று சம்பந்தியம்மாளுக்கு டீ கொண்டுபோகும்போது, புத்தி வந்தவளாக, டம்ளரில் ஒரு விரற்கடை குறைத்தே ஊற்றினேன். அவர் டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"உன்ற மாமியாருக்கு என்ற மேல கோவமாட்டம் இருக்குது. டீ கொறையா வருது."

திரும்பப் போய் விளிம்பு வரைக்கும் ஊற்றிக் கொண்டுவந்தேன். அவர் புடவையில் கொஞ்சம் வழிந்தது. அதற்கு மட்டும் யாரும் சாட்சி கேட்கவில்லை.