மானுக்கு ஃபோன் போட்டவர்

எங்கள் ஊர் பனியன் கம்பெனி முதலாளிகள் செல்ஃபோனில் சினிமா பார்ப்பதில்லை, கம்பெனியைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தும் பார்ப்பார். இலையில் ரசம் ஓடுவது தெரியாது. மூன்றாவது லைனில் ஒரு பெண் மெஷினை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விடுவது தெரியும். உடனே சூப்பர்வைசருக்கு ஃபோன் போகும்.

அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பெனிக்குப் போகக் கூடாது, கேமராவும் பார்க்கக் கூடாது, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்றார் டாக்டர். அவருடைய ஃபோனிலிருந்து கம்பெனி கேமராவை எடுத்துவிட்டு, கம்பெனிக்கு நானே போக ஆரம்பித்தேன். வீட்டில் சும்மா இருப்பவருக்குச் சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஒரு வழி சொன்னாள். ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு தண்ணீர்க் குட்டைக்கு எதிரே கேமரா வைத்து நாளெல்லாம் நேரலையாகக் காட்டுகிறார்களாம். பார்த்தால் மனசு அமைதியாகுமாம். டிவியில் போட்டுக் கொடுத்தோம்.

அமைதி கொஞ்ச நாள் இருந்தது. சாயங்காலம் நான் வீடு திரும்பியதும் எனக்கு ரிப்போர்ட் வரும்.

"அந்தப் பன்னி இருக்குது பாரு, காத்தால சேத்துல படுத்தது, இன்னும் எந்திரிக்கல. கேக்க ஆளில்ல."

வரிக்குதிரைகளை அவருக்குப் பிடித்தது. லைன் பிசகாமல் வருகின்றனவாம். தனியாக வரும் ஒரு மான்குட்டிமேல் மட்டும் கவலை. அதற்குத் தாய் இல்லை என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் ஃபோனோடு ஓடி வந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"அக்கா, முதலாளி கத்துதாரு. மானை வெரட்டுன்னு சொல்லுதாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

வாங்கிக் காதில் வைத்தேன். "பொதருக்குள்ள சிறுத்தை படுத்திருக்குது புள்ள! குட்டி தண்ணிக்கு எறங்குது. சீக்கிரம் யாரையாச்சும் போகச் சொல்லு!"

கேமரா என்று ஒன்று இருந்தால், அந்தப் பக்கம் ஃபோனை எடுக்க ஓர் ஆள் இருப்பான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். வேர்த்து விறுவிறுத்து டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தார். மான்குட்டி தப்பித்துவிட்டது. பிரஷர்தான் ஏறிக் கிடந்தது. என்ன பார்த்தார் என்று டாக்டர் கேட்டார். காடு என்றேன். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காட்டுக்குக் கம்பெனியே தேவலாம் என்று நானே கேமராவைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். சூப்பர்வைசருக்கு ஃபோன் போடக் கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். மனிதர் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஃபோன் எனக்கு வந்தது.

"ஏம்புள்ள, வந்ததுலருந்து ஒக்காந்தே இருக்கறே? செக்கிங் பக்கம் ஒரு நடை போ."

பற்றிக்கொண்டு வந்தது. கொட்டாவி விடுவதற்குக்கூட முந்தானையால் வாயை மூடினேன்.

துணி ரோல் அடுக்கியிருக்கும் மூலை மட்டும் கேமராவில் விழாது. இது செக்கிங் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, முதலாளி வீட்டுக்குத்தான் தெரியவில்லை. முதல் நாள் நான் எட்டிப் பார்த்ததும் டீ டம்ளரோடு பதறி எழுந்தார்கள். எழுந்திருக்காதீர்கள் என்று சொல்லி, நானும் தரையில் உட்கார்ந்தேன். ஒருத்தி தயங்கித் தயங்கி எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். அந்த டீக்கு இருந்த ருசி வீட்டில் வராது.

பாதி குடிப்பதற்குள் ஃபோன்.

"எங்க போயிட்டே? கேமராவுல காணமே?"

வழக்கமான அதட்டலாக இருந்திருந்தால் நானும் நன்றாகத் திருப்பிக் கேட்டிருப்பேன். குரல் நடுங்கியது. மான்குட்டி தண்ணீருக்கு இறங்கிய அன்றைக்கு நடுங்கிய அதே குரல். சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"இங்கதானுங்க இருக்கறேன். தண்ணி குடிக்க வந்தேன்."

டம்ளரோடு எழுந்து வெளியே போனேன். கேமராவுக்கு நேராக நின்று மீதி டீயைக் குடித்தேன்.