மஞ்சள் புள்ளிக்குள் கிழங்கு

நான் படித்த படிப்பெல்லாம் கண்டுபிடிக்காததை என் பின்பக்கம் கண்டுபிடித்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கால்சட்டை எந்த இடத்தில் கிழிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பாறைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு படர்ந்திருக்கும். ஆட்டுக்காலைப் போலப் பழுப்பு ரோமத்தோடு பாறையைக் கவ்விக்கொண்டு போகும். மலையேறி வருபவர்கள் சூப்புக்காக வாங்கிப் போவார்கள். எவ்வளவு வெட்டினால் மறுபடி தழைக்கும் என்று வனத்துறைக்கு மதிப்பிட்டுச் சொல்வது என் வேலை. அதற்காகப் பிளாஸ்டிக் குழாயில் சதுரமாக ஒரு சட்டம் செய்து தோளில் மாட்டிக்கொண்டு போனேன். கிழங்கு வெட்டும் பெண்கள் குழுவின் தலைவி அதை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க சார், பாறைக்கு ஜன்னல் வெக்கப் போறீங்களா?"

அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். முன்பு நாமக்கல்லில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவர். வாரமெல்லாம் கீழே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளைகளைப் பார்க்க பஸ் ஏறி வருவாராம். கிழங்கு விற்கத் தொடங்கிய பிறகுதான் பிள்ளைகளோடு இருக்க முடிந்தது. "இனி மலய உட்டு எறங்க மாட்டேனுங்க" என்று பாறைமேல் நின்று சொன்னார்.

அங்கங்கே சட்டத்தை வைத்து, அதற்குள் இருந்த கிழங்கை அளந்து, மூலைகளில் மஞ்சள் பெயின்ட்டால் புள்ளி வைத்தேன். மழைக்காலம் முடிந்ததும் இதே இடங்களை மறுபடி அளப்பேன் என்று நீளமாக விளக்கினேன். வழக்கம்போல உள்ளேயும் வெட்டலாம் என்பதைத்தான் சொல்ல மறந்தேன்.

திரும்பி வந்த அன்று நல்ல பனிமூட்டம். நேராகப் புள்ளி வைத்த கட்டங்களுக்குப் போனேன். எனக்குப் பாறை என்றால் அவ்வளவுதானே! உள்ளே கிழங்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

"பாறை செழிப்பா இருக்குது அக்கா. இன்னுங்கூட வெட்டலாம்."

"அப்படீங்களா? நான் பயந்துட்டே இருந்தேனுங்க" என்றார். முகமே தெளிந்துவிட்டது.

அந்தப் பெருமையில் ஓரடி பின்னால் நகர்ந்தேன். பாசி. சறுக்கிக்கொண்டே, எதையாவது பிடிக்கலாம் என்று இரண்டு கையாலும் துழாவினேன். பிடிக்க ஒன்றும் இல்லை. கட்டங்களைத் தாண்டிய பாறை முழுவதும் வழித்த சட்டி மாதிரி இருந்தது. ஒரு புதர்தான் என்னை நிறுத்தியது.

பெண்கள் சிரித்து ஓயும்வரை காத்திருந்து கேட்டேன்: "புள்ளிக்குள்ள மட்டும் ஏன் அக்கா யாரும் வெட்டல?"

"நீங்க அளக்கற எடமாச்சே. சாமிக்கு உட்டாப்புல உட்டுட்டோமுங்க. அதுல கை வெச்சா மரியாதையா?"

எனக்குச் செய்த மரியாதையை நான் வளம் என்று அளந்திருந்தேன். வெறும்பாறையையும் சேர்த்து அறிக்கை எழுதினால் வெட்டுவதற்குத் தடை வரும். எழுதாவிட்டால் மிச்சமும் போய்விடும். இதை அக்காவிடம் சொன்னேன். அவர் அந்த வழித்த பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன வருசமுங்க?"

"தெரியல அக்கா."

சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

எழுதினேன். தடை வந்தது. சரியாகத்தான் செய்தேன் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். சொல்லும்போது குரல் ஏனோ கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் கலவை இயந்திரத்தின் இரைச்சல். செங்கல் வரவில்லை என்று மேஸ்திரி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்க அக்கா?"

"பாறை நல்லாருக்குதுங்க."