நட்டத்துக்கு ஒரு முட்டை

புதுக்கோட்டையில் ராஜாவின் ஆட்சி முடிந்து, சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் இது. மாசியில் அது நடந்தது. ஊரெல்லாம் அதைப் பேசிப் பேசி ஓய்ந்த ஆடி மாதத்தில், இலுப்பூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் மாட்டைப் படுக்கவைத்து லாடம் அடித்துக்கொண்டிருந்தோம். மீமிசலிலிருந்து உப்பு ஏற்றி வந்தவன் வண்டியை நிறுத்தாமலே, “ராமையாண்ணே, கிட்டங்கி ஆத்தா போயிருச்சு” என்று சொல்லிவிட்டுப் போனான். பிடித்த கயிற்றை லாடக்காரரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாடு எழுந்து நின்று என்னைப் பார்த்தது.

எனக்குக் கையெழுத்து வராது, ரேகைதான். நான் சொல்லச் சொல்ல என் மகளின் வீட்டுக்காரர் எழுதுகிறார். பேச்சை அங்கங்கே திருத்துகிறார். திருத்தட்டும். செல்லம்மாள் ஆத்தாவின் கிட்டங்கியில் சுமை தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், கருவாடு வாங்கியவர்கள், அவரிடம் வசவு வாங்கியவர்கள், எல்லாருக்கும் இது.

மீமிசலில் அவருடைய புருஷன் வைத்துவிட்டுப் போனது சரக்கு அடுக்க ஓலை வேய்ந்த ஒரு கிட்டங்கியும் சில வண்டிகளும்தான். கடற்கரையில் கருவாட்டை வாங்கி, பனையோலைப் பாயில் சிப்பமாகக் கட்டி, அறந்தாங்கி தாண்டி இலுப்பூர் வரைக்கும் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவது தொழில். அதே கருவாடு, அதே ரோடு, அதே மாடு எல்லா வியாபாரிகளிடமும் இருந்தது. அவரிடம் மட்டும் இருந்தது ஒரு பாய்.

வண்டிகள் திரும்பி வந்த மத்தியானம் கிட்டங்கிக்குள் நீளப் பாய் விரித்துச் சோறு போடுவார். அந்த நடையில் யாருக்கு நட்டம் ஆனதோ அவனுக்குத் தன் பக்கத்தில் முதல் இலை, அதில் ஒரு அவித்த முட்டை. சரக்கு நனைந்ததோ, அச்சு முறிந்ததோ, கடைக்காரன் ஏய்த்தானோ, சாப்பிட்டுக்கொண்டே அவன் அதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். “கொண்டாந்ததை நான் எண்ணிக்கிருவேன். விட்டதைச் சொல்லு” என்பார். திட்ட மாட்டார். திட்டுவதெல்லாம் மற்ற நேரத்துக்கு வைத்திருந்தார். அவன் சொல்லி முடித்ததும், “அந்த எடத்துல நீ இருந்தா என்னடா செஞ்சிருப்ப?” என்று இலை இலையாகக் கேட்டுக்கொண்டு வருவார். ஒருத்தன் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் அப்புறம் எங்கள் வண்டி எதுவும் அந்தப் பள்ளத்தில் விழுந்ததில்லை.

ஊரில் சிரித்தார்கள். “நட்டப்பட்டவனுக்கு முட்டை வைக்கிற கம்பெனி, கோழி முடியுற வரைக்கும் ஓடும்” என்று கோட்டைப்பட்டினத்து வியாபாரி ஒருவர் சொன்னது அவர் காதுக்கு வந்தது. “கோழி என்னோடது. அவருக்கு என்ன கவலை?” என்றார்.

மறைத்தவனை மட்டும் விட மாட்டார். என் அக்காள் புருஷன் நனைந்த சிப்பம் ஒன்றை அடியில் வைத்து மறைத்து, வண்டிச் சரக்கு முழுவதும் புழுத்துவிட்டது. என் அக்காள் வந்து அழுதும் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. “சொல்லியிருந்தா முட்டை வச்சிருப்பேனே” என்றார், அவ்வளவுதான். பிள்ளைகுட்டிக்காரர். அது எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. செத்துப்போனவர் என்பதற்காக இதை விட்டுவிட்டுச் சொன்னால் அவருக்கே பிடிக்காது.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் கருவாட்டுத் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு முதலாளி லாரி வாங்கினார். நாங்கள் மாடு அவிழ்த்து மாடு பூட்டிப் போகிற தூரத்தை அது ஒரு மூச்சில் போகும். அதோடு எங்களில் கெட்டிக்காரனான சின்னையாவையும் கூடுதல் கூலி பேசி இழுத்துக்கொண்டார். ரோட்டில் எந்தக் கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்பது வரைக்கும் அவனுக்கு அத்துபடி. ஆனி மாதம் போனான். போகிறவனைத் தடுக்காமல் ஆத்தா சோறு போட்டு அனுப்பினார். “நம்ம கம்பெனியே அவன் மண்டைக்குள்ளதான் ஆத்தா இருக்கு, அனுப்பிட்டீங்களே” என்றேன். “அப்ப நீங்கள்லாம் என்னத்துக்குடா தின்னுக்கிட்டு இருக்கீங்க?” என்றார்.

ஆனால் அவருக்கும் பயம் இருந்தது. புரட்டாசி முழுக்க ஜனங்கள் கவிச்சி தொட மாட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் கருவாட்டுக்குப் பறப்பார்கள். இலுப்பூர்க் கடைக்காரர்கள் கூடிப் பேசி, ஐப்பசியில் முதலில் வந்து இறக்குகிறவரிடம்தான் அந்த வருஷம் முழுக்கக் கொள்முதல் என்று சொல்லிவிட்டார்கள். “இந்த ஐப்பசி கைவிட்டுப் போச்சுன்னா வண்டியையும் மாட்டையும் வித்துருவேன். நீங்க வேற எடம் பாத்துக்கங்க” என்று எங்களிடம் மறைக்காமல் சொன்னார். எங்கள் எல்லார் வீட்டு அடுப்பும் அந்த வண்டிகளில்தான் எரிந்தது.

ஆவணியில் ஒருநாள். அந்த நடையில் யாருக்கும் நட்டமில்லை. ஆத்தா அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “யாருக்குடா?” என்றார். மாரிமுத்து மெள்ளக் கையைத் தூக்கினான். எங்களில் சாப்பாட்டுப் பிரியன் அவன்.

“வெள்ளாத்துல வண்டி எறங்கிருச்சு ஆத்தா. ஒரு சிப்பம் போச்சு.”

“ஆத்துலதான் தண்ணியே இல்லையேடா.”

“மேல இல்ல. அடியில இருந்துச்சு. மேற்க எங்கிட்டோ மழ போல. மேல் மணலு காஞ்சு கெடக்கு, உள்ளுக்க களி மாதிரி இருக்கு. சக்கரம் குடத்து வரைக்கும் போயிருச்சு.”

அவனுக்கு முன்னால் போனது என் வண்டி. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சிப்பத்துக் காசும் குறையவில்லை, ஆத்தா எண்ணிப் பார்த்திருந்தார். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் முட்டையை அவன் இலையில் வைத்தார்.

“ஆத்தா, புளுகுறான்” என்றேன்.

“தெரியும். நடக்காததுதான். நடக்க மாட்டாததா?” என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல இலை இலையாக வந்தார். “நீ என்னடா செஞ்சிருப்ப?”

ஒருவன், மாட்டுத் தீவன வண்டி பாரம் இல்லாதது, அதை முன்னால் விட்டுப் பார்க்கலாம் என்றான். இன்னொருவன், பனைமட்டைகளை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போனால் சக்கரத்துக்கு விரிக்கலாம் என்றான். நான், கோரை முளைத்த பக்கம் மண் பிடிப்பாக இருக்கும், அங்கிட்டுத்தான் இறக்குவேன் என்றேன். மாரிமுத்து முட்டையைத் தின்று முடித்துவிட்டு, “ஆமா ஆமா, நானும் அப்படித்தான் கரையேறுனேன்” என்றான். ஆத்தாவே சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த நடையிலிருந்து தீவன வண்டி முன்னால் போக வேண்டும், மட்டை கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பொய்க்காக இவ்வளவு பாடா என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம்.

ஐப்பசி பிறப்பதற்குள் இலுப்பூர் போய்ச் சேர்கிற மாதிரி புரட்டாசிக் கடைசியில் கிளம்பினோம். அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம் லாரி எங்களைத் தாண்டிப் போனது. முன்சீட்டில் சின்னையா. தலையை வெளியே நீட்டி, “என்ன மாமா, ஐப்பசிக்குக் கெளம்புனீங்களா, மார்கழிக்கா?” என்று கேட்டுவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனான். மாட்டை அடித்து என்ன ஆகப்போகிறது?

ஆற்றுக்கு வந்தால், நடு மணலில் லாரி நிற்கிறது. பின்சக்கரம் முழுக்க உள்ளே. மேல் மணல் மாவாகக் காய்ந்து கிடக்கிறது. சின்னையா முழங்காலளவு களியில் நின்று என்னைப் பார்த்தான். “இப்படி ஒருநாளும் நடந்ததில்லையே மாமா” என்றான். அவன் சொன்னது நிசம். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் எங்களைவிட்டுப் போன நாள் வரைக்கும் தெரிந்தது. ஆவணி முட்டைக்கு அவன் பாயில் இல்லை.

தீவன வண்டியை விட்டோம். கோரைப் பக்கமாக இறங்கி, மட்டையை விரித்து விரித்து எடுத்து, ஒவ்வொரு வண்டியாக அக்கரை சேர்த்தோம். சின்னையா கூப்பிடவில்லை, ஆனாலும் திரும்பி வந்து லாரிச் சரக்கை இறக்கிக் கரையேற்றக் கைகொடுத்தோம். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் மேட்டில் ஏறியபோது ஆற்றில் தண்ணீர் நுரைத்து வரும் சத்தம் கேட்டது. இலுப்பூரில் அந்த வருஷம் முதல் சிப்பத்தை இறக்கியவன் மாரிமுத்து. நாங்கள்தான் அவனை முன்னால் விட்டோம்.

திரும்பி வந்து ஆத்தாவிடம் சொன்னோம். லாரிக்குக் கைகொடுத்ததற்குத் திட்டுவாரோ என்று நினைத்தேன். “நல்லது செஞ்சீங்க” என்றார். அடுத்த மூச்சில், “அவுக சிப்பம் எப்படிக் கட்டியிருந்தாக, பாத்தீங்களா?” என்று கேட்டார்.

தை மாதம் சின்னையா வந்து வாசலில் நின்றான். லாரி முதலாளி அவனைக் கழித்துக் கட்டிவிட்டார். ஆற்றில் என்ன நடந்தது என்று அங்கே ஒருவரும் அவனைக் கேட்கவில்லையாம், வெளியே போ என்றது மட்டும்தானாம். ஆத்தா பாயைக் காட்டி, “உக்காரு” என்றார். இலையில் முட்டை வைத்தார். “அவரு நட்டத்தை அவரு கேக்கல. நாம கேட்டுக்குவோம். சொல்லு” என்றார். அவன் சொல்ல ஆரம்பித்தான். லாரி எந்த மேட்டில் திணறும், எந்தக் கடைக்கு வேகம் வேண்டாம், எந்தக் கடைக்கு வேண்டும் என்று அவனிடம் ஒரு சுமை இருந்தது. இலை காய்ந்துபோகும் வரைக்கும் சொன்னான். சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் லாரிகள் நின்றபோது அந்தக் கடைகளையெல்லாம் ஆத்தா ஒவ்வொன்றாகப் பிடித்தது அந்த ஒரு சாப்பாட்டை வைத்துத்தான்.

எனக்கு அவரிடமிருந்து தங்கியது ஒரு கேள்வி. வெளியே போய் வந்த பிள்ளைகளிடம் இன்றைக்கும், என்னத்தை விட்டே என்றுதான் முதலில் கேட்கிறேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாரே, அவர்கூட முதலில் கோபித்துக்கொண்டார். இப்போது அவரே சொல்லிவிடுகிறார்.

ஆத்தாவின் மகன்தான் இனிமேல் கிட்டங்கியைப் பார்க்கப் போகிறார். தம்பி, பாயைச் சுருட்டிவிடாதீர்கள். நான் இதில் விட்டது நிறைய இருக்கும். சின்னையா சண்டை முடிந்த வருஷம் காய்ச்சலில் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். லாரி வந்த வருஷம் அந்தப் பாயில் உட்கார்ந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது ஒருவன். போய்க் கேளுங்கள், ஒரு முட்டையும் கொண்டுபோங்கள். பாதிக்குப் பாதி புளுகுவான். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் மாரிமுத்து.