கொதிக்காத தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீர் வெடித்தது.

ஆமாம், தண்ணீர்தான். கேஸ் இல்லை, குக்கர் இல்லை. 

என் மனைவி ஸ்டெல்லா தவக்காலம் முழுக்கப் பாலைத் தொட மாட்டாள். வெறும் சுக்குக் காபிதான். இந்த வருடம் கண்புரை ஆபரேஷன் வேறு. ஒரு மாதம் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே மகள் ஒரு மைக்ரோவேவ் வாங்கி அனுப்பினாள். அம்மாவால் எதையும் படிக்க முடியாதே என்று ஸ்டெல்லாவின் போனில் ஏஐ ஆப் ஒன்றையும் போட்டுக் கொடுத்தாள். கேட்டால் பதில் சொல்லும். நல்ல தமிழில், மரியாதையாக!

எனக்கும் அதற்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. முப்பத்தோரு வருடம் திண்டுக்கல்லில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவன் நான். வீட்டில் சந்தேகம் என்றால் என்னிடம்தானே கேட்க வேண்டும்?

அதற்கேற்ற மாதிரி அதுவும் ஒருநாள் மாட்டியது. செம்பட்டியில் மச்சினி வீட்டிலிருந்து தொப்பம்பட்டிக்கு ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது. 'பதினொன்றேகாலுக்கு நேரடிப் பேருந்து உள்ளது' என்றது போன். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். கடைசியில் டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "அப்புடி ஒரு பஸ்ஸு என்னைக்குமே ஓடுனது இல்லையே சார்!"

எனக்கு உள்ளுக்குள் அம்புட்டு சந்தோஷம்...

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். புதுக் கண்ணாடி டம்ளரில் கேன் தண்ணீரை ஊற்றி, மைக்ரோவேவில் சுட வைத்துவிட்டு ஜெபம் சொல்லப் போனாள் ஸ்டெல்லா. திரும்பி வருவதற்குள் ஆறிவிட்டது. மறுபடி சுட வைக்கும் முன்னால் போனிடம் ஏதோ கேட்டாள். பிறகு ஒரு ஐஸ்கிரீம் குச்சியைக் கழுவி டம்ளருக்குள் போட்டாள்.

"என்ன இது?"

"குச்சி போட்டுச் சுட வைக்கணுமாங்க. இல்லேன்னா பொங்கி மேல தெறிக்குமாம்."

"யாரு சொன்னா?"

"போனுதான்."

"செம்பட்டியில நம்மள வெயில்ல காய வச்சுச்சே, அந்தப் போனா? தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும். நான் சொல்றேன்ல, எடுத்துப் போடு."

எடுத்துப் போட்டாள்.

மூன்று நிமிடம். டம்ளரை வெளியே எடுத்து வைத்தாள். ஒரு குமிழி இல்லை. "சூடே ஏறலை போல" என்று குனிந்து, ஒரு ஸ்பூன் சுக்குப் பொடியைப் போட்டாள்.

டப்!

"மாதாவே!"

அந்த அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. டம்ளரில் பாதித் தண்ணீர் அவள் மேல். முன்கை, தாடை, முகம்... கண்ணில் மட்டும் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கறுப்புக் கண்ணாடி இருந்தது. அதன் மேல் ஆவி படிந்து, சுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

குழாயைத் திறந்து அவள் கையைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து போட்ட டாக்டரம்மா, "இந்தக் கண்ணாடி மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார்.

நடந்தது என்ன? குமிழி உருவாக ஒரு கீறலோ தூசியோ வேண்டும். பழைய பாத்திரத்தில் அது நிறைய உண்டு. வழவழப்பான புது டம்ளரிலும் சுத்தமான தண்ணீரிலும் அவ்வளவாக இல்லை. ஒருமுறை சுட்டு ஆறிய தண்ணீரில் காற்றும் குறைவு. அதனால் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் சும்மா நிற்கும். கூட்டம் ஏறிய பஸ்ஸில் கதவைத் திறந்த மாதிரி, பொடி விழுந்ததும் மொத்தக் குமிழியும் ஒரே நேரத்தில் வெளியே பாயும். அந்தக் குச்சி இருந்திருந்தால் முதலிலிருந்தே ஒழுங்காகக் கொதித்திருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேடிக்கையாகச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறேன். ஆனால், போன் சொன்னது என்றதும் மறந்துவிட்டது!

நான்கு நாளாகத் தூக்கமில்லை. இல்லாத பஸ்ஸையும் இருக்கிற ஆபத்தையும் அந்தப் போன் ஒரே குரலில் சொல்கிறது. ஒரு தயக்கம் கிடையாது. எது சரி, எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பயமாக இருக்கிறது.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. முப்பத்தோரு வருடம் சரியானதைச் சொன்ன அதே குரலில்தான் நானும் 'எடுத்துப் போடு' என்றேன். எனக்கும் தயக்கம் இல்லை.

நேற்றுக் காலை, கையில் கட்டோடு சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, தண்ணி வைக்கப் போறேன். குச்சி போடவா, வேணாமா?"

போன் பக்கத்திலேயேதான் இருந்தது. அவள் என்னைத்தான் கேட்டாள்.