வெட்டுக் காசு

கருமத்தம்பட்டி ஜெபராணியை முதல் பார்வையில் யாருக்கும் பிடிக்காது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசை அவளுடையது. டாக்டரின் சொந்தக்காரரே வந்தாலும், "டோக்கன் எடுத்துப்போட்டு உக்காருங்க" என்பாள். காலையில் பஸ் ஏறிப் போய், பொழுது சாய வீடு திரும்புகிறவள். கணவன் சந்தியாகுவுக்கு விசைத்தறியில் வேலை.

நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு ரோமானியக் காசின் மேல் ஆசை வந்தது கோயிலில்தான். வரி கட்டலாமா என்று மடக்கியவர்களிடம் இயேசு ஒரு காசைக் காட்டச் சொன்ன கதையை ஒரு ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் பிரசங்கமாக வைத்தார். அந்தக் காசில் இருந்தது ரோமை ஆண்ட திபேரியுவின் தலையாக இருக்கலாம் என்றார். அதே தலை பதித்த வெள்ளிக்காசுகளை நம் கொங்கு மண்ணிலும் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மற்றவர்கள் கோயில் வாசலைத் தாண்டும்போதே அதை மறந்தார்கள். ஜெபராணியால் முடியவில்லை. அப்படி ஒரு காசைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

சந்தியாகுவிடம் சொன்னாள். அவன் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"ஆண்டவரச் சிலுவைல அறைஞ்சப்ப ராஜாவா இருந்தவன் அவந்தானே? அந்தப் பாவி மூஞ்சிய ஊட்டுக்குள்ள கொண்டாந்தீன்னா வீசிப்போடுவேன், பாத்துக்க."

"வீசித்தான் பாருங்களே" என்றாள்.

ஸ்கேன் சென்டரிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நகைக்கடைகளுக்கு நடுவே, கௌதமன் என்பவன் பழைய நாணயக் கடை வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் அங்கே போனாள். ரோமானிய வெள்ளிக்காசு வேண்டும் என்றதும் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்த ஊருங்க?"

சொன்னாள்.

"கருமத்தம்பட்டில எந்தப் பக்கமுங்க?"

அவன் எதைக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அதையும் சொன்னாள். கௌதமன் சிரித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆளுங்க தோட்ட வேலைல மம்பட்டி போடறப்ப கெடச்சதக் கொண்டாந்து எங்கப்பாகிட்டக் குடுத்துட்டுப் போவாங்க. வாங்கறதுக்குன்னு வந்தது நீங்கதானுங்க மொதல்ல."

எல்லாவற்றையும் 'ங்க' போட்டுத்தான் சொன்னான். எங்கள் ஊரில் செருப்பால் அடிப்பதென்றாலும் மரியாதை குறையாது. ஜெபராணிக்குக் காது சுட்டது. ஆனால் அவன் கண்ணாடித் தட்டில் எடுத்து வைத்த காசைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. பளபளவென்று இருந்தது. ஒரு பக்கம் அரசன் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். போட்டிருந்த சீட்டை எடுத்து அதை வாங்கினாள். பில் கேட்கத் தோன்றவில்லை.

காந்திபுரத்தில் ஒரு மண்டபத்தில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு, அடுத்த மாதம் அங்கே போனாள். மின்வாரியத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்ற சுப்பையன்தான் அங்கே எல்லாம். காசைக் கையில் வாங்கி ஓரத்தை ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்குக் கொடுத்தார். காசு மேசையைச் சுற்றி வந்தது.

"அம்மணி, நெசக் காசு சுத்தியல்ல அடிச்சு எடுத்தது. இது அச்சுல ஊத்துன வார்ப்பு. ஓரத்துல கோடு ஓடுது பாருங்க. கௌதமன் கடைதானே? புதுசா வாரவங்களுக்கு அவன் மொதல்ல இதத்தான் குடுப்பான்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கறீங்க?"

"ஏமாந்தாத்தான் படிக்க முடியுமுங்க. நாங்களும் அப்படித்தான் படிச்சோம்."

"அப்ப நீங்களும் கூட்டுக் களவாணிதான்" என்றாள் ஜெபராணி. காசைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினாள். பஸ்ஸில் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காசைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கப் போனபோது கௌதமன் மறுத்துவிட்டான். "எங்கடைல வாங்குனதுங்களா? பில் இருக்குதுங்களா?"

அவள் கத்தவில்லை. கடையை விட்டு இறங்கி வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே போக வந்த முதல் ஆளிடம் உள்ளங்கையை நீட்டி, "இது இங்க வாங்குன போலிக் காசுங்க. ஓரத்தப் பாத்துப்போட்டுப் போங்க" என்றாள். அடுத்த சனிக்கிழமையும் வந்து நின்றாள். அதற்கடுத்த வாரமும் நின்றாள். மழை பெய்த அன்று குடையோடு நின்றாள். சிலர் அவளைப் பைத்தியம் என்றார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். நகைக்கடைக் காவலாளிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஒருநாள் கௌதமன் படி இறங்கி வந்தான்.

"ஏனுங்க, எம் பொழப்பக் கெடுக்கோணும்னே வந்து நிக்கறீங்களா?"

"ஆமாங்க."

"போலீசுக்குச் சொல்லிப்போடுவேன்."

"சொல்லுங்க. இது நெசக் காசுதான்னு அவங்க முன்னால சொல்லுங்க."

அவன் உள்ளே போய் ஒரு காசை எடுத்து வந்து அவள் கையில் போட்டான். கறுத்த வெள்ளி. ஓரத்தில் கோடு இல்லை. ஆனால் அரசனின் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் உளியால் வெட்டிய ஆழமான தழும்பு.

"நெசமான திபேரியு. மூஞ்சி வெட்டுப்பட்டது, ஒருத்தனும் வாங்க மாட்டான். எடுத்துட்டுப் போய்த் தொலைங்க."

"பில் போட்டுக் குடுங்க" என்றாள் ஜெபராணி. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தான். அப்படியும் அவள் நம்பவில்லை. நகரத்தின் மறுகோடியில் கௌதமனை அறியாத வேறொரு வியாபாரியிடம் காட்டி, அசல்தான் என்று தெரிந்த பிறகே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டில் சந்தியாகு கையை நீட்டினான். வீசத்தான் போகிறான் என்று நினைத்தவள் கொடுத்தாள். அவன் காசை விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

"ஆரு புள்ள வெட்டுனது?"

"நம்ம பக்கத்து ஆளு எவனோ. எதுக்கு வெட்டுனாங்கன்னு ஆருக்கும் சரியாத் தெரியாதாம். காசு நல்ல வெள்ளியான்னு பாக்கறதுக்குன்னும் சொல்றாங்க, வேற என்னென்னமோ சொல்றாங்க."

சந்தியாகு கட்டைவிரலால் அந்தத் தழும்பைத் தடவினான்.

"எவனோ, அந்தக் கைக்கு முத்தங் குடுக்கோணும்" என்றான். ஆனாலும் அதை மாதா படம் இருந்த அலமாரியில் வைக்க விடவில்லை. துணி பீரோவில் வைத்துக்கொள்ளச் சொன்னான்.

அதற்குப் பிறகு அவள் வெட்டுப்பட்ட காசுகளை மட்டுமே தேடினாள். நல்ல முகம் உள்ளதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்றாள். சுப்பையன் அவளைக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. கௌதமன் சாலையில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவளும்தான்.

போன மாதம் பெருந்துறையில் ஒரு நாணயக் கண்காட்சி நடந்தது. ஒரு மேசையில் குனிந்து, லென்ஸ் வைத்து ஒரு வெட்டுக் காசைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் தலைக்கு மேல் சுப்பையனின் குரல் கேட்டது.

"நாங்க குப்பைன்னு ஒதுக்குனதையெல்லாம் இப்ப ஆளாளுக்குத் தேடறாங்க. எல்லாம் உங்களாலதான் அம்மணி."

ஜெபராணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தள்ளி நில்லுங்க" என்றாள். "வெளிச்சம் மறைக்குது."