பாய் தொடாத ஸ்குரூ

பொம்மிடியில் கார் பட்டறை வைத்திருக்கும் ஜீஷான் பாயிடம் போய், "ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏத்தி வுடுங்க, போதும்" என்று கேட்டுப் பாருங்கள். கார்ச் சாவியைக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். தலைக்கனம் பிடித்தவர் என்று ஊரில் பேச்சு. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்குத்தான் காரணம் தெரியும்.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வாடகைக்குக் கார் ஓட்டும் வீரமணி தன் பழைய பெட்ரோல் வண்டியைக் கொண்டுவந்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் குலுங்கி அணைந்துவிடுகிறதாம்.

"ஒரு மணி நேரத்துல கல்யாண வாடகைங்க பாய். எப்படியாவது ஓட வெச்சுக் குடுங்க."

பாய் குனிந்து கேட்டார். எங்கேயோ காற்றை உறிஞ்சும் சத்தம். ஏதோ ஒரு குழாயில் விரிசல். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும், ஜும்மா தொழுகைக்கோ நேரமாகிவிட்டது. காலை எடுத்தாலும் என்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டுகிற ஐட்லிங் ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருகினார். என்ஜின் அணையாமல் உறுமியது. எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலைதான். "அடுத்த வாரம் கொண்டா" என்றவர், விரிசல் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான்காம் நாள் வீரமணியின் அப்பா பச்சியப்பனுக்கு நெஞ்சுவலி. தர்மபுரிக்குக் கிளம்பியவர்களை ரயில்வே கேட் மறித்தது. வீரமணி வண்டியை ஆஃப் செய்தான். கேட் திறந்த பிறகு என்ஜின் பிடிப்பதும் அடங்குவதுமாக இருந்தது. பின்னால் ஒரே ஹாரன். நாலு பேர் தள்ளியும் ஆகவில்லை. ஆட்டோ பிடித்து மாற்றி ஏற்றும்போதே பெரியவர் உயிர் போய்விட்டது. பாவம், அப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அதே ஆட்டோவில் வீடு திரும்பினான்.

காரியம் முடிந்து வண்டியைக் கட்டி இழுத்துவந்தான். பாய் திறந்து பார்த்தார். விரல் நீளக் குழாய், வாய் பிளந்து கிடந்தது. தேடியிருந்தால் பத்து நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

"கேட்டுல நான் ஆஃப் பண்ணதுதானுங்களே தப்பு? ஓட வுட்டிருந்தா எங்கப்பா பொழச்சிருப்பாரு, இல்லைங்களா பாய்?"

பாய் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பழைய வண்டிப்பா" என்றார்.

அன்று சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அவன்கிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான பாய்? பையன் தன்னையே அரிச்சுத் தின்னுட்டு இருக்கான்!"

"வாய் வரலியே" என்றார்.

வீரமணி காரை விற்றுவிட்டான். இப்போது மரவள்ளிக் கிழங்கு மில்லில் மூட்டை தூக்குகிறான். ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. வாரம் தவறாமல் பட்டறைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்கிறான். பாய் "இல்லப்பா" என்கிறார். அவன் நம்புவதில்லை.

நேற்று வந்தபோது பாய் தொழுகைக்குப் போயிருந்தார். என் கடைப் படியேறி என்னிடம் கேட்டான்.

"அண்ணே, நான் ஆஃப் பண்ணாம இருந்திருக்கணும், இல்ல?"

பாயை அவ்வளவு திட்டியவன் நான். மெஷினில் பேப்பரை அடுக்கிக்கொண்டே, "இல்லப்பா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்கும் வரவில்லை.